புலால் மறுத்தலும் பொதியுணவும்

உயிர்க்கு இறைவன் அருளாற் கிடைத்த கருவிகளுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது உடம்பு. தனு, கரண, புவன, போகங்கள் நான்கும் ஆன்மாவின் மலநீக்கத்தின் பொருட்டு மாயையினின்று தோற்றுவிக்கப்பட்டன என்பது சைவசித்தாந்தத் துணிபு. ஆகலின் உடம்பைப் பேணுதல் சைவர்க்குக் கடமையேயாம். திருமூல நாயனார் உடம்பை இழிந்ததென முன்னர்க் கருதிப் பின்னர் அதனகத்தே இறைவன் எழுந்தருளியிருத்தலை உணர்ந்து அதனை ஓம்பலாயினார் என்னுஞ் செய்தியை அறியாத சைவரிலர்.

அவ்வோம்புதல் உணவால் நிகழ்வது. உணவைப் பற்றிச் சான்றோர் விதித்தன இரண்டு. உண்ணத்தகாதவற்றை விலக்குதல் ஒன்று. உண்ணத்தகுவதையும் அளவறிந்து உண்டல் மற்றொன்று. திருவள்ளுவர் முன்னதைப் புலால் மறுத்தல் என்னும் 26 ஆம் அதிகாரத்தும், பின்னதை மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்தும் வைத்தோதினார். முன்னது பிறவுயிரை நோக்கியது, அருளின் பாற்பட்டது. பின்னது தன்னுடம்பை நோக்கியது, அறிவின் பாற்பட்டது. புலால் மறுத்தல் துறவறவியலுள் ஓதப்பட்டமையின் இல்லறத்தார்க்கு அது வேண்டாவென்பார் ஒருசாரார். சமயதீக்கை பெற்ற சைவர் இல்லறத்தில் நிற்பினும் புலாலை விலக்கக் கடவர் என்பது சைவ ஒழுக்கமாதலின், அவர் கூற்று ஈண்டுச் செல்லாது. இவ்விரு விதிகளும் தம்முள் ஒருபோதும் முரணுவனவல்ல. ஆயினும் முரணுவனபோலத் தோன்றும் இடமொன்று இக்காலத்தே நேர்ந்துள்ளது. அதனை ஆராய்தல் வேண்டும்.

அவ்விடமாவது, உடம்பின் பருமனைக் குறைத்தற்பொருட்டு அளவிட்டுச் சமைத்து, உறையிலிட்டு மூடி, நாட்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்படும் பொதியுணவுத் திட்டம். அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டில் நியூட்ரிசிஸ்டம் என்னும் நிறுவனமும், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1983 ஆம் ஆண்டில் ஜென்னி கிரெய்க் என்னும் நிறுவனமும் தோன்றி இம்முறையை உலகெங்கும் பரப்பின. இந்நாட்டுப் பெருநகரங்களிலும் இவ்வாறு உணவளிப்போர் பலராயினர். காலையுணவு, நண்பகலுணவு, சிற்றுண்டி, இரவுணவு என ஒவ்வொன்றும் தனித்தனிப் பொதியாக வரும். ஒரு நாளைக்குரிய பொதிகள் அனைத்தும் பெரும்பாலும் 1,200 முதல் 1,500 கலோரிக்குள் அடங்கும். உண்பவர் எண்ணவேண்டுவதும் நிறுக்கவேண்டுவதும் யாதுமில்லை. உறையைப் பிரித்து உண்டலே அவர்க்குரிய தொழில்.

இதனை நாடுவோரை எள்ளுதல் தகாது. 2023 ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு நோயுடையார் ஏறத்தாழ 10 கோடியர் எனக் கணித்தது. பருத்த உடம்பு அந்நோய்க்கும் குருதியழுத்தத்துக்கும் மூட்டுநோய்க்கும் வழிகோலுவது. மருத்துவர், உடம்பைக் குறைத்தாலன்றி உய்வில்லையென்று கூறியவிடத்து, பணியிற் பொழுதிழந்து களைத்திருப்பவர் ஆயத்தமாக வரும் அளவுணவை விரும்புதல் இயல்பு. ஆனால் அங்ஙனம் வரும் பொதியில் யாது உளதென்பதை உண்பவர் காணார். சைவ நோன்பிற்கு இடர் பிறக்குமிடம் அதுவே.

இவ்விடரின் இயல்பை விளக்குதற்குத் தமிழ்நாட்டுக் கோயில் வழக்கொன்று துணையாகின்றது. இராசபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில் அய்யனார் எழுந்தருளியுள்ளார். நீர்காத்த அய்யனார் என்பது அவர்க்கு வழங்குந் திருப்பெயர். அம்மலையினின்று இழிந்து வரும் நீரே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் நின்று இராசபாளைய மக்கட்குக் குடிநீராகின்றது. அக்காடு 1988 ஆம் ஆண்டு முதல் சாம்பல்நிற அணில்களின் புகலிடமாகவும், 2021 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் காக்கப்பட்டு வருகின்றது. அய்யனாராகிய மாசாத்தனார் சைவர்க்கு அயலாரல்லர். சேரமான் பெருமாள் நாயனார் திருக்கயிலையில் அரங்கேற்றிய ஞானவுலாவை ஆண்டுக் கேட்டுத் திருப்பிடவூரில் வெளிப்படுத்தியவர் அவரே என்று சேக்கிழார் பெருமான் அருளினார்.

தமிழ்நாட்டு அய்யனார் கோயில்களிற் பலவற்றில் ஒரு வழக்கு உண்டு. அய்யனார்க்குப் பொங்கலும் பழமும் தேங்காயுமாகிய சைவப் படையலே உரியது. அவரைச் சூழ்ந்து நிற்கும் கருப்பர் முதலிய காவற்றெய்வங்கட்கு ஆடும் கோழியும் பலியிடுவோர் உளர். அப்பலி நிகழுங்கால் அய்யனார் திருமுன் திரையிடுவர், அல்லது கதவடைப்பர். பிரெஞ்சு அறிஞர் லூயி துமோன் 1953 ஆம் ஆண்டில் அய்யனாரைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில், புலாலுண்ணாத் தலைவராகிய அய்யனாரும் புலாலேற்கும் பரிவார தெய்வமும் ஒரு கோயிலில் அடுத்தடுத்து நிற்றலையே விரித்துரைத்தார். இவ்வழக்கு ஊர்தோறும் வேறுபடும். எனினும் அத்திரையின் கருத்து எங்கும் ஒன்றே. அருளே வடிவாகிய தெய்வத்தின் திருக்கண் கொலையைக் காணலாகாது என்று எளிய மக்களும் உணர்ந்திருத்தலை அது காட்டுகின்றது. கொலையைச் செய்வோர் தாமே, அது தலைவர்க்கு ஒவ்வாதது என்று ஒப்புக்கொண்டு இட்ட திரை அது.

பொதியுணவின் உறையும் ஒரு திரையே. ஆயின் கோயிற்றிரை இருபுறத்தும் உள்ளாரால் அறியப்பட்டது. உறையோ உண்பவரை மட்டும் அறியாமையில் நிறுத்துவது. அதன் அப்பால் நிகழ்ந்தன யாவை எனச் சிறிது காணலாம்.

ஊன்றுண்டம் கண்ணாற் காணத்தக்கது; அதனை விலக்குதல் எளிது. விலக்குதற்கரியன உருமாறி நிற்பன. தயிரையும் களியையும் இறுகச் செய்யும் ஜெலட்டின், மாடு பன்றி முதலியவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கப்படுவது. பாலைத் திரித்துக் கட்டியாக்கும் ரென்னெட், மரபு முறையில் இளங்கன்றின் இரைப்பையினின்று எடுக்கப்படுவது. இத்தாலி நாட்டுப் பார்மெசான் பாற்கட்டி இன்றும் அதனாலேயே செய்யப்படுகின்றது. காய்கறியும் கோதுமை மாவுமே கொண்டு சமைத்த உணவின்மேல் அது தூவப்படின் அவ்வுணவு சைவமாகாது. சிவப்புநிறமூட்டும் கார்மைன் ஒருவகைப் பூச்சிகளை உலர்த்தி அரைத்துப் பெறுவது. சுவைமிகுக்கச் சேர்க்கப்படும் 631 என்னும் எண்ணுடைய பொருள் ஊனினின்றோ மீனினின்றோ எடுக்கப்படுதலும் உண்டு, தாவரப் பொருளினின்று ஆக்கப்படுதலும் உண்டு; எண்ணை மட்டும் நோக்கி எதுவென்று துணிய இயலாது. உடம்பு குறைப்போர்க்கெனச் செய்யப்படும் புரதக்கூழ், மாற்றுணவுத் தூள், மீனெண்ணெய்க் குளிகை ஆகியவற்றில் இவை புகுதற்கு இடம் மிகுதி.

இதன்பொருட்டே இந்திய அரசு 2001 ஆம் ஆண்டு முதல் பொதியுணவுகளிற் பச்சைக் குறியை நிறுவியது. பச்சைச் சதுரத்துட் பச்சை வட்டம் சைவ உணவைக் குறிக்கும். ஊனுணவின் பழுப்பு வட்டம், 2020 ஆம் ஆண்டு விதிகளால் முக்கோணமாக மாற்றப்பட்டது. இந்நாட்டு விதியின்படி முட்டையும் ஊனுணவின்பாற்படும். பாலும் தேனும் படா. 2021 ஆம் ஆண்டு திசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், விலங்கினின்று பெற்ற பொருள் எத்துணைச் சிறிய அளவிற் சேரினும் அவ்வுணவு சைவமாகாதென்றும், ஒவ்வொரு கூறும் எதனினின்று வந்ததென்பதை வெளிப்படக் கூறுதல் வேண்டுமென்றும் உரைத்தது. அளவு சிறிதாயின் குற்றமில்லை என்பார்க்கு அறநூலே அன்றி நீதிமன்றமும் விடை கூறியதாயிற்று.

கடல்கடந்து வாழும் தமிழர் நிலை இதனினும் அரிது. மேனாட்டில் மரக்கறியுணவு என்னுஞ் சொல் பெரும்பாலும் முட்டையை உள்ளடக்கியது. 1847 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற மரக்கறியுணவினர் சங்கத்தின் இலக்கணமும் முட்டையை விலக்குவதன்று. ஆகவே தொறந்தோவிலோ இலண்டனிலோ ஒரு சைவர், மரக்கறி என்று எழுதிய பொதியை நம்பி வாங்குவாராயின், தம் நோன்பினை அயலார் இலக்கணத்திடம் ஒப்படைத்தவராவர். தமிழரோ புலாலில்லா உணவுக்குச் சைவம் என்று தம் சமயத்தின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். அப்பெயரின் எல்லையை உறை அச்சிடுவோர் வரைதல் பொருந்துமா என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடையாகும் வரலாறு ஒன்றுண்டு. மோகன்தாஸ் காந்தி 1888 ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்றபொழுது, ஊனுண்ணேன் எனத் தம் அன்னையார்க்கு உறுதி கூறிச் சென்றார். ஆண்டு ஊன் என்பதற்குப் பலர் பலவாறு பொருள் கூறினர். பறவை விலங்குகளின் தசையே ஊன் என்று ஒருசாராரும், மீனும் அதுவே என்று வேறு சிலரும், முட்டையும் பாலும் உட்பட எல்லாம் ஊன் என்று பின்னும் சிலரும் உரைத்தனர். அவற்றுள் நெகிழ்ச்சியுடையதை ஏற்று அவர் சிலகாலம் முட்டையுண்டார். பின்னர், உறுதியைக் கேட்ட தாய் எப்பொருளிற் கேட்டாரோ அப்பொருளே தமக்குக் கட்டளையாவது என்று தெளிந்து அதனை விட்டார். அன்று முதல் மரக்கறி விடுதிகளிலும் எந்தப் பண்டத்தில் முட்டை கலந்துளது என்று வினவியே உண்டார் எனத் தம் வரலாற்றிற் கூறுகின்றார். வினவுதல் நாணத்தக்கதாகவும் தொல்லையாகவும் தோன்றினும், அவ்வினவுதலே நோன்பின் உயிர்நிலை.

இனி இதன்மேல் எழுந்தரும் தடைகள் சில.

அறியாது உண்டதற்குப் பாவமில்லையே; உறையுள் யாதுளது என்பதை அறியாதவர் எங்ஙனம் குற்றமுடையராவர் எனின், கூறுதும். வினை மனமொழிமெய்களால் ஈட்டப்படுவது. ஆராய்ந்து, குறிகண்டு, வினவிப் பின்னரும் பிறர் வஞ்சனையாற் பிழை நேரின், அப்பழி பெரும்பாலும் வஞ்சித்தாரையே சாரும். ஆனால் அறிய வழியிருந்தும் அறியாமலிருக்க விரும்புதல் அறியாமையன்று, அஃது ஆணவத்தின் ஒரு தொழில். உண்மையை மறைக்குந் திரையைத் தானே பற்றி நிற்பவர், திரை மறைத்தது என்று முறையிடுதல் கூடாது.

கொன்றவர் பிறர், விற்றவர் பிறர், பொதிந்தவர் பிறர். உண்டார்க்கு யாது பழி எனின், தின்பார் இல்லாவிடத்து விலைக்கு விற்பாரும் இலராவர் என்று திருவள்ளுவர் அதனை முன்னரே அறுத்துரைத்தார். திங்கள்தோறும் பணங்கட்டிப் பொதி பெறுவோர்க்கு அவ்வுரை பின்னும் இயையும். ஒரு நாள் வாங்கும் வாணிகத்தினும் பல திங்கட்கு முன்னரே ஒப்பந்தஞ் செய்து வாங்கும் வாணிகம் கொலைக்கு உறுதியான துணையாதலின் என்க.

உடம்பைக் காத்தற்பொருட்டு மருந்துபோல் உண்பதாகலின் விலக்கு நெகிழலாம் எனின், ஈண்டு ஒரு வேற்றுமை நோக்கற்பாலது. உயிர்காக்கும் மருந்தொன்று ஜெலட்டின் குளிகையில் மட்டுமே கிடைக்குமாயின், மாற்றுண்டா என மருத்துவரை வினவி, இல்லாவிடத்து அதனைக் கொள்ளுதல் வேறு. உடம்பு குறைதற்கு அத்தகைய இன்றியமையாமை ஊனிடத்து இல்லை. செலவாவதினும் குறைந்த கலோரி உட்செல்லின் உடம்பு குறையும். அவ்வளவே அதன் முறை. ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியது ஏறத்தாழ 7,700 கலோரி. நாடோறும் 500 கலோரி குறைத்துண்பார்க்குத் தொடக்கத்தில் இருவாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ குறையலாம். உடம்பு சிறுகச் சிறுகச் செலவும் குறைதலின் அவ்விரைவு பின்னர்த் தணியும். இக்கணக்கு பருப்புக்கும் பொருந்தும், பறவையூனுக்கும் பொருந்தும். ஆகவே நோன்பா நலமா என்ற போராட்டம் உண்மையில் இல்லை. நோன்பா வசதியா என்பதே போராட்டம். தன்னுடம்பைப் பெருக்கப் பிறிதோருடம்பை உண்பாரிடத்து அருள் எங்ஙனம் நிலவும் என்று வினவினார் வள்ளுவர். தன்னுடம்பைச் சுருக்குதற்கும் பிறிதோருடம்பு வேண்டுமென்பாரை அவர் என்னென்று வினவுவாரோ!

கண்ணப்ப நாயனார் ஊனமுது படைத்ததைப் பெருமான் ஏற்றருளினாரே எனின், அவ்வரலாற்றை முழுவதும் நோக்குதல் வேண்டும். அவர் தம் பொருட்டு ஒன்றும் வேண்டிலர். தாம் அறிந்தவற்றுட் சிறந்ததையே தேர்ந்தளித்தார். பின்னர்த் தம் கண்ணையும் அளித்தார். அவ்வூனைக் கண்டு சிவகோசரியார் உற்ற துயரையும் சேக்கிழார் பெருமான் மறைத்திலர். அன்பின் எல்லைக்கு எடுத்துக்காட்டாகிய அச்செயல், தன் உடம்பின் வடிவுக்காக விலக்கறிந்தவர் விலக்கை நெகிழ்த்தற்கு ஆணையாகாது. கண்ணைக் கொடுப்பார்க்குரிய உரிமையை உறையைப் பிரிப்பார் கோருதல் பொருந்தாது.

இனி மறுபுறமும் கூறாவிடின் உண்மை குறைவுறும். புலால் மறுத்தவர் யாவரும் அளவறிந்து உண்பவரென்று கொள்ளுதல் தவறு. அய்யனார் மலையினின்று நெடுந்தொலைவிலில்லாத திருவில்லிபுத்தூர் பால்கோவாவிற்குப் பெயர்போனது. 2019 ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிய அப்பண்டம் பச்சைக் குறிக்கு முற்றும் உரியது. கொலைக்குற்றம் அதன்பால் இல்லை. அதனை மிகுதியாக உண்டு நீரிழிவை வளர்ப்பவர், தாம் சைவர் என்று கூறி மருத்துவர் சொல்லைத் தட்டுவாராயின், ஓரறத்தை மற்றோரறத்துக்குத் திரையாக இட்டவராவர். மூன்று வேளையும் அரிசியை மலையெனக் குவித்துக் காய்கறியை ஓரத்தில் வைத்துண்ணும் வழக்கமும் அவ்வாறே. 2024 ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு நெறி, தானியத்தினின்று வரும் ஆற்றல் நூற்றுக்கு 45 பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்றென்றும், உறையின்மேல் எழுதியவற்றைப் படித்து வாங்குக என்றும் அறிவுறுத்துகின்றது. பொதியுணவுத் திட்டத்தார் அளவைப் பற்றிக் கூறுவதில் உண்மையுண்டு. அதனைச் சைவர் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

ஆயின் அளவைப் பிறர் கையில் விட்டுவைத்தலாற் கற்றல் நிகழாது. பொதி வருமளவும் அளவு நிற்கும். பொதி நின்றபின் பழைய கையே பழைய கலத்தை நிரப்பும். குறைந்த உடம்பு மீளப் பருத்தல் பலர்க்கு நேர்வது அதனாலேயே. வகையையும் அளவையும் உண்பவர் தாமே அறிந்து உண்டாலன்றி இரண்டும் நிலைத்த ஒழுக்கமாகா.

அங்ஙனமாயின் செயற்பாலது யாது? தமிழரிடத்துப் பொதியுணவு புதுவதன்று. மலைக்கோயிலுக்குச் செல்வோர் புளியோதரையும் தயிர்சோறும் இலையிற் பொதிந்து கட்டுச்சோறாகக் கொண்டு செல்லுதல் நெடுநாளைய வழக்கு. அதில் இட்டது இன்னதென்பதைக் கட்டியவர் கை அறியும். அக்கட்டுச்சோற்றையே அளவறிந்து கட்டுதல் இந்நோய்க்குத் தக்க மருந்தாம். வாரத்தில் ஒருநாள் பருப்பையும் கொண்டைக்கடலையையும் வேகவைத்துப் பகுத்து வைத்துக்கொள்க. அரிசியைக் கிண்ணத்தால் அளந்திடுக. காய்கறியையும் கீரையையும் சோற்றினும் மிகுதியாக வைக்க. புரதத்துக்குப் பருப்பு, பயறு, சோயா, தயிர், மோர் ஆகியவை போதுமான துணையாவன. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதன்று. பாலும் தயிரும் அதனைத் தரும். அவை குறையின் மருத்துவரைக் கேட்டு மருந்தாகக் கொள்க. நீரிழிவுக்கு மருந்துண்போர் உணவைத் திடீரெனக் குறைத்தல் இடராதலின், மருத்துவர் அறிவுரையோடே தொடங்குக.

பொதியுணவையே நாடவேண்டிய நிலையிலுள்ளார்க்கும் வழியுண்டு. பச்சைக் குறியைக் காண்க. அதனோடு நில்லாது கூறுகளின் பட்டியலையும் படிக்க. ஜெலட்டின், ரென்னெட், கார்மைன், 631 என்பன காணின் அவை எதனினின்று வந்தனவென்று செய்தவரையே எழுதி வினவுக. முட்டையுண்டா என்பதை வெளிநாட்டில் வாழ்வோர் தனியே கேட்க. தெளிவான விடை வாராதாயின் அப்பொதியை விடுக. விடுதலால் இழப்பது சிறிது வசதியே. பலர் வினவின் விற்போர் திருந்துவர். உயிர்ப்பலித் தடைச்சட்டம் 1950 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 ஆம் ஆண்டில் இறுக்கமாகச் செயற்படுத்தப்பட்டு, 2004 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது என்பது தமிழ்நாடு கண்ட வரலாறு. ஆணையால் மட்டும் அருள் விளைவதில்லை. உண்பவர் உள்ளத்தில் அது விளைந்தாலன்றிச் சட்டமும் குறியும் புறத்தேயே நிற்கும்.

வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 ஆம் ஆண்டில் ஏற்றிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. ஆண்டு உண்பார் யார் சமைத்தனர், எதனைச் சமைத்தனர் என ஐயுறுவதில்லை. திரையில்லாத அடுக்களை அது. ஒவ்வொரு சைவர் இல்லத்து அடுக்களையும் அத்தகையதாதல் வேண்டும். பிறவுயிரை வருத்தாத வகையும் தன்னுடம்பை வருத்தாத அளவும் ஒரே கலத்திற் கூடுமிடத்து, உண்டலும் சிவவழிபாட்டின் உறுப்பாகும். மெய்யன்பர்கள் அதனைக் கடைப்பிடித்து, நோயற்ற யாக்கையும் அருள்நிறைந்த உள்ளமும் உடையராய் வாழ்வாராக.